கோடை விடுமுறையிற் குடும்பத்தார் செய்யத்தக்க கைவேலைகளும் தின்பண்டங்களும்

வட மாகாணத்திற் பெரும்போக நெல் வெட்டி முடிந்து, தோட்டக் காணிகளிற் கிணற்று நீர் கீழிறங்கும் மாதங்கள் வைகாசி முதல் ஆவணி வரையிலானவை. சோளகக் காற்று வீசும் இக்காலத்தில் மழை மிகக் குறைவு, வெயிலோ மிகுதி. கமக்காரருக்கு வயலில் வேலை சுருங்கியிருக்கும். ஆவணி மாதத்தை ஒட்டிப் பாடசாலைகளுக்கும் விடுமுறை வரும். ஓய்வு, வெயில், காற்று, பிள்ளைகளின் கைகள் ஆகிய நான்கும் ஒருங்கே வீட்டிற் கிடைப்பது ஆண்டில் இவ்வொரு காலத்திலேயே.

ஆயினும் இதே காலத்திலேயே மிகுந்த விரயமும் நிகழ்கின்றது. பனங்காய் பழுத்து வேலியோரத்தில் விழுந்து, வண்டு குடைந்து அழுகுகின்றது. கத்தரியும் பாகலும் மிளகாயும் ஒரே கிழமையிற் சந்தைக்கு வந்து விலை வீழ்கின்றது; பிடுங்கு கூலிக்கும் வண்டி வாடகைக்குங் காணாது என்று பலர் காயைச் செடியிலேயே விட்டுவிடுகின்றனர். அதே வீட்டுப் பிள்ளைகள் கடையிற் சாயமூட்டிய இனிப்புக்களைக் காசு கொடுத்து வாங்கி உண்கின்றனர். வளவில் விளைந்தது மண்ணிற் போக, வளவுக்கு வெளியே காசு போகின்றது. இவ்விரண்டையுந் தடுக்கும் எளிய முறைகள் சில இங்கு விளக்கப்படுகின்றன. இவற்றுள் எதற்கும் யந்திரம் வேண்டியதில்லை. பெரிய முதலும் வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குரிய கைவேலை

நுங்கு வெட்டி உண்டபின் எஞ்சும் கோம்பையை ஒரு பக்கத்தில் வீசிவிடுவது வழக்கம். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு கோம்பைகளை எடுத்து, அவற்றின் நடுவே ஒரு முழ நீளமுள்ள உறுதியான தடியைச் செருகினால் வண்டிச் சில்லும் அச்சும் ஆயின. கவருள்ள நீண்ட கம்பொன்றை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். மூன்று வயதுப் பிள்ளையும் இதனை ஓட்டும். எட்டு வயதுப் பிள்ளை இதனைத் தானே செய்யும். விளையாடி முடிந்த கோம்பையை மாட்டுக்கு வெட்டிப் போடலாம்.

ஓலை வேலைக்கு உயர்ந்த பனையில் ஏறவேண்டியதில்லை. நிலத்தில் நின்று வெட்டக்கூடிய வடலிகளின் சார்வோலையே பயில்வோருக்குப் போதும். பிள்ளைகளைப் பனையில் ஏறவிடலாகாது. ஒரு பனை மாதத்துக்கு ஓர் ஓலை அளவிலேயே புதிதாக விரிக்கின்றது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஆதலால் ஒரே வடலியிற் குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டாது, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஓலையாக எடுத்தலே முறையாகும். குருத்து இழந்த வடலி வளர்ச்சி குன்றும்.

மிக எளிய வேலை விசிறி. சிறிய இளம் ஓலை ஒன்றை ஒரு சாண் மட்டையுடன் வெட்டி, இதழ்களை நன்கு விரித்துப் பாயின்கீழ் வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றி நான்கு நாள் நிழலில் விடவேண்டும். ஓலை தட்டையாகக் காய்ந்தபின் விளிம்பை வட்டமாக நறுக்கி, இரு பக்கமும் ஈர்க்கை வைத்து நாரினால் அல்லது நூலினால் இழைத்துத் தைக்க வேண்டும். மட்டையின் கருக்கைச் சீவி நீக்காவிடின் கையை வெட்டும். ஆதலால் இவ்வொன்றைப் பெரியோர் செய்து கொடுத்தல் நன்று.

அடுத்தது பிளா. இணைந்திருக்கும் சில இதழ்களைத் தோணிபோல மடித்து, முனைகளை ஒன்றுசேர்த்து ஓலைக் கீற்றினாற் கட்டினால் கூழ் குடிக்கும் பிளா ஆகும். வீட்டிற் கூழ் காய்ச்சும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பிளாவைத் தானே கோலி வைத்திருக்குமாயின், கூழின் சுவை இருமடங்காகும்.

பின்னல் வேலைக்கு இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து ஈர்க்கை நீக்கி, இரண்டு மூன்று நாள் இளவெயிலில் உலரவிட்டு, சத்தகத்தினால் ஒரே அகலமாக வார்ந்து கொள்ளவேண்டும். பின்னுவதற்கு முன் சிறிது நீர் தெளித்து அல்லது இரவுப் பனியில் வைத்து எடுத்தால் ஓலை முறியாது வளையும். முதலிற் சதுரத் தட்டு, பின்னர் சிறு பெட்டி, அதன்பின் நீற்றுப்பெட்டி, கடகம் என்று படிப்படியாகப் பயிலலாம். அகலம் ஒத்த கீற்றும் இறுக்கமான மூலையுமே நல்ல பின்னலின் அடையாளம். அப்பம்மாவோ அம்மம்மாவோ சத்தகம் பிடிக்க அறிந்தவராயின் அவரே சிறந்த ஆசிரியர். அவர் கைப்பழக்கத்தை எந்தப் பிரசுரமும் முழுதாக எழுதிவிட இயலாது, பார்த்தே பயிலவேண்டும். அவர் இருக்கும்போதே பயிலவேண்டும்.

பனங்காய்ப் பணியாரம்

ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களிற் பனம்பழம் விழும். இரவில் விழுந்த பழத்தை விடியற்காலையிலேயே பொறுக்கவேண்டும். வெயிலேறியபின் பழம் புளிக்கும், வண்டும் மொய்க்கும். பழத்தைக் கழுவித் தோலை உரித்து, விதைகளைப் பிரித்து, மிகக் குறைந்த அளவு நீர் விட்டுப் பிசைந்தாற் களி கழன்று வரும். அதனைச் சுத்தமான துணியில் வடித்துத் தும்பை நீக்கவேண்டும்.

எல்லா மரத்துப் பழமும் ஒரே சுவை உடையதன்று. சில மரத்துக் களி காறும். களியில் இயற்கையாகவுள்ள பிளபெலிபெரின் என்னும் பொருட்களே இக்கசப்புக்குக் காரணமாகும். ஒவ்வொரு மரத்துக் களியையும் முதலிற் சிறிது நாவில் வைத்துப் பார்த்து, இனிப்பானதைப் பணியாரத்துக்கு ஒதுக்கவேண்டும். ஒரு காறற் பழம் முழுச் சட்டியையுங் கெடுத்துவிடும். நல்ல பழந்தரும் மரத்தில் அடையாளமிட்டு வைத்தால் அடுத்த ஆண்டும் உதவும்.

வடித்த களி 2 கோப்பை, சீனி 1 கோப்பை, சிறிதளவு உப்பு ஆகியவற்றைத் தாச்சியில் இட்டு, மெல்லிய நெருப்பிற் கிளறிப் பச்சை மணம் போகுமட்டுங் காய்ச்சவேண்டும். இறக்கி நன்கு ஆறியபின், மணம் வர வறுத்து அரித்த கோதுமை மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசையலாம். 2 கோப்பை முதல் 2½ கோப்பை வரை மா பிடிக்கும். கையிற் சிறிது ஒட்டும் பதமே சரியான பதம். மா கூடினாற் பணியாரம் கல்லாகும். குறைந்தால் எண்ணெய் குடிக்கும். சிறு உருண்டைகளாகக் கிள்ளிக் கொதித்த எண்ணெயில் இட்டு, உட்புறம் வேகுமாறு மிதமான நெருப்பிற் பொரித்தெடுக்க வேண்டும். கிள்ளி வைக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எண்ணெய்த் தாச்சியருகே அவர்களை விடலாகாது. பணியாரம் சுட்ட அன்றைக்காட்டிலும் மறுநாள் சுவை கூடியிருக்கும்.

பனாட்டு

பணியாரம் சில நாட்களுக்குரியது. பனாட்டோ முறையாகச் செய்தால் மாதக்கணக்கில் நிற்கும். மழைக்காலத்தில் வருவாய் சுருங்கும்போது வீட்டிலிருக்கும் உணவும் இதுவே, விற்கக்கூடிய பண்டமும் இதுவே.

நிலத்திலிருந்து நெஞ்சளவு உயரத்திற் கம்புகளாற் பந்தலிட்டு, அதன்மேற் கழுவி உலர்த்திய ஓலைப் பாயை விரிக்கவேண்டும். பந்தல் முழு வெயிலும் காற்றும் படும் இடத்தில், மாட்டுக் கொட்டிலுக்கும் வீதிப் புழுதிக்கும் எட்ட இருத்தல் அவசியம். வடித்த களியைப் பாயில் மெல்லிய படையாகப் பரவிக் காயவிடவேண்டும். மறுநாள் முதற்படை ஒட்டாது காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படையை வார்க்கலாம். இவ்வாறு நாள்தோறும் படைமேற் படையாக, இரண்டு கிழமை வரை தொடரவேண்டும். கீழ்ப்படை ஈரமாயிருக்க மேற்படை வார்ப்பதே பலருடைய பனாட்டுப் புளித்துப் பூஞ்சணம் பிடிப்பதற்குக் காரணம். வெயில் குறைந்த நாளில் வார்க்காது விடுதலே அறிவுடைமை.

முற்காலத்திற் பனாட்டுத் திறந்த வெளியிலேயே காய்ந்தது. இலையானும் புழுதியும் அதிற் படிந்தன. இன்று நுளம்பு வலையொன்றைப் பந்தலின்மேற் கம்புகளால் உயர்த்திக் கட்டினாற் போதும். காற்றுந் தடைப்படாது, இலையானும் அணுகாது. மாலையிற் பனி படாதவாறு பாயை மூடவேண்டும். நன்கு காய்ந்த பனாட்டுப் பாயிலிருந்து தோல்போல் உரியும், மடித்தால் வெடிக்காது வளையும், விரலில் ஒட்டாது. அதனைத் துண்டுகளாக வெட்டி, உலர்ந்த ஓலைப் பெட்டியில் அல்லது இறுக மூடிய தகரத்தில் வைக்கலாம். அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையூட்டிப் பேணுவது பழைய முறை.

பனம்பாணி உள்ள வீடுகளிற் பாணிப் பனாட்டுஞ் செய்யலாம். பாணியைச் சுக்கு, மிளகு, சீரகத் தூளுடன் காய்ச்சி ஆறவிட்டு, சிறு துண்டுகளாக வெட்டிய பனாட்டை அதில் ஊறவைத்துச் சாடியில் மூடி வைக்கவேண்டும். பாணியிற் பனாட்டு முழுதாக அமிழ்ந்திருத்தல் வேண்டும்.

பயற்றம் உருண்டை

பனை இல்லாத ஊர்களிலும் நெல் வெட்டிய வயலிற் பயறு விதைப்போர் உளர். விற்பதற்குச் சிறுத்த பயற்றையே இதற்குப் பயன்படுத்தலாம். பயறு 500 கிராமை மணம் வர வறுத்து, உடைத்துக் கோது நீக்கி, மாவாக்கி அரிக்கவேண்டும். துருவிய தேங்காய்ப் பாதியை ஈரம் போகுமட்டும் வறுத்துச் சேர்த்து, சீனி அல்லது பொடித்த பனங்கட்டி 250 கிராமும் ஏலம் சிறிதும் கலந்து, கொதிநீரைத் தெளித்துத் தெளித்து உருண்டையாகப் பிடிக்கவேண்டும். வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதம் இதிலுண்டு. தேங்காய் சேர்வதால் ஓரிரு நாளுள் உண்டு முடித்தல் வேண்டும். நெடுநாள் வைப்பதாயின் தேங்காயை விட்டு வறுத்த எள்ளைச் சேர்க்கலாம்.

மோர்மிளகாயும் வற்றலும்

சந்தையில் விலை வீழ்ந்த கிழமையிற் செய்யத்தக்கவை இவை. நடுத்தர முற்றலான பச்சை மிளகாய் 1 கிலோவைக் காம்புடன் கழுவித் துடைத்து, நுனிப்பக்கம் சிறிது கீறவேண்டும். புளித்த தயிர் 1 லீற்றரில் உப்பு 100 முதல் 150 கிராம் வரை கரைத்து, மிளகாயை அதில் ஓர் இரவு ஊறவிடவேண்டும். காலையில் மிளகாயை மட்டும் எடுத்துப் பாயிற் காயவிட்டு, மாலையில் மீண்டும் அதே மோரில் இடவேண்டும். மோர் முழுதும் வற்றும்வரை இவ்வாறு செய்து, பின்னர் மிளகாய் கலகலவென ஒலிக்குமட்டும் வெயிலிற் காயவிடவேண்டும்.

பாகற்காயை அரை சென்ரிமீற்றர் தடிப்பான வட்டங்களாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிசறி ஒரு மணி நேரம் வைத்து, வடியும் நீரைப் பிழிந்து அகற்றிக் காயவிடவேண்டும். கத்தரிக்காயை நீளமாக வெட்டி, உப்பிட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்தி எடுத்துக் காயவிட்டால் அதிகம் கறுக்காது. நல்ல வெயிலில் மூன்று நான்கு நாளில் வற்றல் ஆயத்தமாகும். ஒடித்தால் ‘படக்’ என்று முறியவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரமுண்டு என்பது பொருள். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூச் சேர்த்து உலர்த்தி வைத்த வீடுகளில், ஊறவைத்தரைத்த உழுந்துடன் அப்பூவும், வெங்காயமும், செத்தல் மிளகாயும், பெருஞ்சீரகமும் கலந்து தட்டி, இதே பாயில் வடகமும் காயவிடலாம்.

கணக்கும் பார்க்கவேண்டும். பாகற்காயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு நீரே. ஆகவே 10 கிலோ காயிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ வற்றலே கிடைக்கும். 1 கிலோ வற்றலுக்குக் கிடைக்கும் பணம், அன்று 10 கிலோ பச்சைக்காய்க்குக் கிடைக்கும் பணத்தையும் உப்புச் செலவையும் உழைப்பையும் ஈடுசெய்யுமா என்று பார்த்தே தொடங்கவேண்டும். விலை நன்றாயிருக்கும்போது காயைக் காயாகவே விற்பதுதான் இலாபம். விலை வீழ்ந்த கிழமையிலும், அளவிற் சிறுத்து வியாபாரி கழித்த காயிலுமே வற்றலின் பயன் தெரியும்.

தவறாது கவனிக்க வேண்டியவை

முதலாவது, பீடைநாசினி தெளித்த காயைப் பற்றியது. தெளித்த நாளிலிருந்து அறுவடைக்கு விடவேண்டிய நாட்கள் ஒவ்வொரு மருந்தின் சுட்டுத்துண்டிலும் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் கழியுமுன் பிடுங்கிய காயை உண்ணவும் ஆகாது, உலர்த்தவும் ஆகாது. 10 கிலோ காய் 1 கிலோவாகச் சுருங்கும்போது நீர் போகின்றது. மருந்தின் எச்சம் அவ்வளவாகப் போவதில்லை. அது சிறிய அளவு வற்றலிற் செறிந்து நிற்கும். அவ்வற்றலை முதலில் உண்பது கமக்காரரின் சொந்தப் பிள்ளையே.

இரண்டாவது, பூஞ்சணம். அரைகுறையாகக் காய்ந்த மிளகாய், ஒடியல், பயறு ஆகியவற்றிற் சில பங்கசு வகைகள் வளர்ந்து அபிளாதொட்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். இது ஈரலுக்குக் கேடு விளைவிப்பது. வறுத்தாலும் அவித்தாலும் முற்றாக நீங்காது. பூஞ்சணம் பிடித்த பண்டத்தைத் துடைத்துத் திரும்பக் காயவைத்து உண்பது பெருந்தவறு. அதனைக் கோழிக்கும் போடலாகாது; புதைத்துவிடவேண்டும்.

மூன்றாவது, சுத்தம். அழுகிய காய், நோய்பட்ட காய், சாணத்தில் விழுந்த பழம் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே கழித்துவிடவேண்டும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே களி பிசைதல் வேண்டும். வீதியின் தார்மேல் உணவுப் பண்டம் உலர்த்தலாகாது. பொதி செய்யுமுன் பண்டத்தை நிழலில் ஆறவிடவேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து ஈரம் பிடிக்கும். பொதியின்மேற் செய்த திகதியை எழுதி ஒட்டுவதைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடலாம்.

விதையை வீசவேண்டாம்

களி எடுத்த விதைகளே அடுத்த வருவாய்க்கு மூலதனம். ஆவணி, புரட்டாதியில் மணலைக் கிளறி மேட்டுப்பாத்தி அமைத்து விதைகளை நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், ஐப்பசி மழையில் முளை இறங்கி, மார்கழி, தை மாதங்களிற் கிழங்கு கிண்டலாம். கிழங்கை அவித்து உண்ணலாம். பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். முளைவிட்ட விதையைப் பிளந்து பூரான் எடுப்பது பிள்ளைகளுக்கு விருப்பமான வேலை. எஞ்சும் ஊமலும் அடுப்புக்கு ஆகும்.

எல்லா விதையையுங் கிழங்குக்கே இட்டுவிடலாகாது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான பனைகள் பதுங்கு குழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் தறிக்கப்பட்டன. எறிகணையில் தலையிழந்தவையும் பல. இன்று நடும் விதை பாளைவிட 15 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். அது ஆணா பெண்ணா என்பதும் அப்பொழுதே தெரியும். ஆதலின் ஒரு விதை நட்டு அமைதல் போதாது. ஒவ்வொரு பிள்ளையும் விடுமுறையில் இனிய பழத்து விதைகள் பத்தைத் தெரிந்து, வேலியோரத்திலும் வாய்க்காற் கரையிலும் நடுமாயின், நட்ட பிள்ளை வளர்ந்து குடும்பம் ஆகும்போது அதன் பிள்ளைகளுக்குப் பனங்காய் விழும்.

முடிவாக

இங்கு கூறிய யாவற்றையும் ஒரே விடுமுறையிற் செய்துவிட முயலவேண்டியதில்லை. ஒரு குடும்பம் இவ்வாண்டு ஒரு பாய் பனாட்டும், ஒரு கிலோ மோர்மிளகாயும், பிள்ளைக்கொரு விசிறியும் செய்து பழகினாற் போதும். பக்குவம் கைவந்தபின் அயலாருடன் சேர்ந்து கூடுதலாகச் செய்து சந்தைக்கும் அனுப்பலாம். பனைசார் கைப்பணியிலும் உணவுப் பண்டங்களிலும் மேலும் பயிற்சி வேண்டுவோர், 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையை அணுகலாம். உலர்த்தல், பொதி செய்தல், பீடைநாசினி இடைவெளி ஆகியவற்றில் ஐயமுடையோர் தத்தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு தெளிவு பெறுதல் நன்று.